செ.தே.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, பத்து மணி தாண்டியிருக்கும், ஓர் இளம் எழுத்தாளர் போன் செய்தார். முதல் நாவல். நான் பென்சிலில் குறித்து அனுப்பிய பிரதி அன்று சாயங்காலம்தான் கூரியரில் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: “சார், இருநூத்திப் பத்தாம் பக்கத்துலேருந்து ஓரத்துல அங்கங்க செ.தே., செ.தே.ன்னு போட்டிருக்கீங்களே, அது என்ன சார்? செத்த தேதியா?”

சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு யோசித்தால் அதுவும் ஒரு வகையில் பொருத்தமாகத்தான் இருந்தது. அந்த நாவல் ஏறக்குறைய அந்தப் பக்கத்தில்தான் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது.

செ.தே. என்றால் ‘சென்று தேய்ந்து இறுதல்’, அதாவது நன்றாகத் தொடங்கிப் போகப் போக மெலிந்து முடிவது. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாது என்று சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்பதாவது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று பள்ளிக்கூடத்தில் ஒரே மூச்சில் ஒப்பித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோகிற சமாச்சாரம். நானும் மறந்துதான் போயிருந்தேன். புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்து, பிறகு செம்மைப்படுத்தி, நடுவில் பத்திரிகைகளுக்கு மதிப்புரையும் எழுதிப் பிழைக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் பழைய நன்னூல் பிரதியைத் தூசி தட்டியபோதுதான், அட, இதில் நம் வேலை முழுக்க இருக்கிறதே என்று பட்டது. 13ஆம் நூற்றாண்டு ஆசாமி, ஜனவரியில் நந்தனத்துப் புத்தகக் காட்சியில் அடுக்கிவைக்கிற நாவல்களில் பாதியைப் படித்துவிட்டு எழுதியதுபோல இருக்கிறது. மற்றொன்று விரித்தல்! கதாநாயகன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஊரின் ஸ்தல புராணத்தைப் பதினோரு பக்கத்துக்குச் சொல்வதற்கு இதைவிட நல்ல பெயர் உண்டா? வெற்றெனத் தொடுத்தல், அதாவது பொருளில்லாமல் வெறும் சொற்களை அடுக்குவது, என்பதற்கு நான் உதாரணம் தேடி அலைய வேண்டியதே இல்லை, காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் போதும். எந்தச் செய்தியும் ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்றுதான் முடியும். குறிப்பிடத்தக்கது என்பதால்தானே ஐயா குறிப்பிட்டிருக்கிறீர்கள்?

அன்றிலிருந்து என் ஓரக்குறிப்புகள் சுருங்கின. கூ.கூ. என்றால் கூறியது கூறல். மி.கூ., ம.வி., மா.கூ. எல்லாம் எனக்கு மட்டும் புரிகிற சங்கேதம். அதை எழுத்தாளருக்கு அனுப்பும்போது விளக்கம் சேர்த்து அனுப்ப வேண்டும் என்ற புத்தி மட்டும் வரவில்லை.

இந்தப் பத்தும் ஒரே ஜாதிக் குற்றங்கள் அல்ல. சிலதைப் பென்சிலாலேயே தீர்த்துவிடலாம். ஒரே விஷயத்தை மூன்று வாக்கியத்தில் சொல்லியிருந்தால் இரண்டை அடித்துவிட்டால் ஆயிற்று. மூன்றாம் அத்தியாயத்தில் இடது கையில் இருந்த மச்சம் ஒன்பதாம் அத்தியாயத்தில் வலது கைக்குப் போயிருந்தால் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடலாம். செ.தே. அப்படியல்ல. அது எங்கேயோ நூறு பக்கம் முன்னால் நடந்த தப்பு, இங்கே வந்து இருமுகிறது. அதைக் குறிக்கத்தான் முடியும். மீதி எழுத்தாளர் பாடு.

நான் இந்த வேலைக்கு வந்தது ஈய எழுத்தின் கடைசிக் காலத்தில். திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அச்சகம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கு. கேலி புரூஃப் ஈரம் காயாமல் வரும், விரலெல்லாம் மை. அப்போது நான் ரொம்பத் தீவிரம். ஒரு பத்தியில் ஒன்பது இடத்தில் கோடு இழுத்துக் கொடுப்பேன். அங்கே ஒரு மூத்த கம்பாசிடர், அச்சுக் கோப்பவர், இருந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு, நான் போட்ட ஒரே ஒரு திருத்தத்தைச் செய்துகாட்டினார். வரியின் நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தேன். அவர் இடுக்கியால் எழுத்துகளைப் பிடுங்கி, வரியின் கடைசிச் சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளி, அந்த வரியின் கடைசியை அதற்கடுத்த வரிக்குத் தள்ளி, பத்தி முடியும்வரை அத்தனை வரியையும் கலைத்துக் கோத்தார். இருபது நிமிஷம். முடித்துவிட்டு, “தம்பி, உங்களுக்கு இது ஒரு கோடு. எனக்கு இது பூரா வீட்டையும் ஒரு அடி தள்ளிக் கட்டுறது. அவசியம்னா சொல்லுங்க, செய்யுறேன்” என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு திருத்தத்தையும் அவசியமா என்று கேட்டுக்கொண்டுதான் போட்டேன். சேர்க்க வேண்டுமென்றால் அதே அளவுக்கு எதையாவது எடுக்க முடியுமா என்று பார்த்தேன். கணினி வந்தது, திருத்துவது இலவசமாகிவிட்டது. கூடவே அந்தக் கேள்வியும் போய்விட்டது. இப்போது எங்களைப் போன்றவர்கள் திருத்துவதில் பாதி, திருத்த முடிகிறது என்பதற்காகத் திருத்துவதுதான். ‘சொன்னான்’ என்று இருந்தால் ‘கூறினான்’. ‘கூறினான்’ என்று இருந்தால் ‘சொன்னான்’. இரண்டையும் நானே செய்திருக்கிறேன், ஒரே வாரத்தில்.

எழுத்துப்பிழையைப் பற்றி நிறையப் பேசலாம், ஆனால் அது எனக்கு அலுத்துவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும். ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்க மாட்டார்கள்; ர எழுத்துக்கும் காலுக்கும் (ா) வடிவ வேறுபாடும் கிடையாது. பழைய பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டில் ஒரு பகுதி அதனால்தான். ஈய எழுத்தும் கணினியும் வந்து அந்தக் குழப்பம் ஒழிந்தது என்று நினைத்தோம். இப்போது பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளில் விட்டு, மறுபதிப்பு என்று கொண்டுவருகிறார்கள். அதே பேய் அதே புளியமரத்தில். அண்மையில் ஒரு பிரதியில் ‘புற்றிலிருந்து நரகம் வெளிப்பட்டது’ என்று இருந்தது. நாகம்தான், கால் ரகரமாகிவிட்டது. இன்னோர் இடத்தில் மதில்மேல் கரகம் உட்கார்ந்து கரைந்துகொண்டிருந்தது. பிழைதிருத்தி மென்பொருள் இதையெல்லாம் கண்டுகொள்ளாது. நரகமும் கரகமும் நல்ல தமிழ்ச்சொற்கள்தானே.

ஒற்றுப் போடுவதைப் பற்றியும் கேட்பார்கள். ‘தந்த பெட்டி’ யாரோ கொடுத்தது, ‘தந்தப் பெட்டி’ யானையிடமிருந்து வந்தது, அதனால் ஒற்று முக்கியம் என்று எல்லா வகுப்பிலும் சொல்லித்தருகிறார்கள். சரி. ஆனால் முப்பது வருஷத்தில் ஒரு தந்தப் பெட்டிகூட என் மேசைக்கு வந்ததில்லை. வருவதெல்லாம் ‘சின்ன பையனா, சின்னப் பையனா’ போன்ற வழக்குகள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் எனக்குச் சின்னப் பையன் என்றுதான் கேட்கிறது; ‘நல்ல பையன்’ அப்படிக் கேட்பதில்லை. அதன்படி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

இப்போது என் மேசையில் அதிகம் தட்டுப்படுவது வேறு ஒன்று. சொல்லெல்லாம் தமிழ், ஒற்றெல்லாம் சரி, ஆனால் உடம்பு தமிழ் உடம்பு இல்லை. ‘அவள் கண்களை உருட்டினாள்’ என்று ஒரு சிறுகதையில். காதலன் ஏதோ அசட்டு ஜோக் அடிக்கிறான், அவள் கண்ணை உருட்டுகிறாள். நம் வீடுகளில் கண்ணை உருட்டுவது பிள்ளைகளை மிரட்ட. விருந்தாளி முன்னால் இரண்டாவது முறுக்குக்குக் கை நீட்டும்போது அம்மா உருட்டுவாளே, அது. ஏளனத்துக்கு நம்மிடம் வேறு சரக்கு இருக்கிறது. உதட்டைப் பிதுக்கலாம், நொடிக்கலாம், முகவாயைத் தோளில் இடித்துக்கொள்ளலாம். எனக்கென்ன தெரியும் என்பதற்குக் கையை விரிப்போம். கதைகளில் எல்லோரும் தோளைக் குலுக்குகிறார்கள். இதையெல்லாம் வரிசையாகத் திருத்திக்கொண்டிருந்தேன், ரொம்பத் திருப்தியாக.

அப்படி ஒருநாள் திருத்திக்கொண்டிருக்கும்போது என் மகளிடம் சார்ஜர் எங்கே என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். நிஜமாகவே. அப்புறம் கவனித்தால் கண்ணையும் உருட்டுகிறாள், மேலே கூரையைப் பார்த்து ஒரு சுற்று. இருபது வயசுப் பெண், சென்னையில் பிறந்து வளர்ந்தவள். முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வதை அவள் பழைய கறுப்புவெள்ளைப் படத்தில்தான் பார்த்திருப்பாள். இப்போது அந்தச் சிறுகதையில் எது பிழை? கதைக்குள் இருக்கும் பெண்ணும் என் மகள் வயசுதான்.

நன்னூல் பத்துக் குற்றத்தோடு பத்து அழகையும் சொல்கிறது. அதில் ஒன்று ‘உலகம் மலையாமை’. உலகத்தாரின் வழக்கோடு முரண்படாமல் எழுதுவது. படித்தபோது தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன். யாருடைய உலகம் என்று கேட்கத் தோன்றவில்லை. உரைகாரர்கள் உயர்ந்தோர் வழக்கு என்பார்கள். வழக்கு என்பதே உயர்ந்தோர்மேல்தான் நிற்கிறது என்று தொல்காப்பிய மரபியலும் சொல்லிவிட்டது. எனக்கு அந்த உயர்ந்தோர் திருவல்லிக்கேணியில் தொடங்கி மயிலாப்பூர் தாண்டி அடையாற்றோடு முடிந்துபோனார்கள் என்பது ஒரு விபத்துக்குப் பிறகுதான் புரிந்தது.

ஈரோட்டுப் பக்கத்து எழுத்தாளர் ஒருவரின் நாவல். அப்பா செத்துப்போகிறார். வெளியூரில் இருக்கும் மகனுக்குத் தகவல் போகிறது. ‘மகன் பொழுதோடதான் வந்து சேர்ந்தான்’ என்று எழுதியிருந்தார். கதைசொல்லல் பகுதியில் பேச்சுவழக்கு எதற்கு என்று நான் அதை ‘மகன் நேரத்தோடு வந்து சேர்ந்தான்’ என்று மாற்றினேன். பொழுதோட வீடு வந்து சேர் என்றால் இருட்டுவதற்குள் வா என்றுதானே எங்கள் பக்கத்தில் அர்த்தம். கொங்கு நாட்டில் பொழுதோட என்றால் சாயங்காலம். மத்தியானமே எடுத்துவிட்டார்கள், மகன் சாயங்காலம் வருகிறான், கொள்ளி வைத்தது பங்காளி. அங்கிருந்துதான் நாவலே தொடங்குகிறது. அவர் போன் செய்தபோது குரலில் கோபம்கூட இல்லை. “ஏனுங்க சார், பையனைச் சரியான நேரத்துக்குக் கூட்டியாந்து உட்டுட்டீங்களே. அவன் வராததுதானுங்களே கதை.”

புத்தகம் அச்சாகிவிட்டது. அதே சொல் வந்த இன்னோர் இடத்தில் அவரே கடைசிப் புரூஃபில் பார்த்துக் காப்பாற்றியிருக்கிறார், இது தப்பிவிட்டது. முதல் பதிப்பு வைத்திருப்பவர்கள் வீட்டில் அந்த மகன் இன்னமும் நேரத்தோடு வந்து, ஏனோ தெரியாமல் இருநூறு பக்கத்துக்கு உறவுக்காரர்களிடம் வசவு வாங்கிக்கொண்டிருக்கிறான். மதிப்புரை எழுதிய ஒருவர் ‘பாத்திரத்தின் குற்றவுணர்வுக்கு வலுவான காரணம் இல்லை’ என்று எழுதியிருந்தார். மிகச் சரியான விமர்சனம். மாறுகொளக் கூறல், அதுவும் நான் கூறியது.

இத்தனைக்கும் அலமாரியில் அகராதி இருந்தது. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கியது 1982இல். பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வந்துவிட்டது. இரண்டையும் பல்கலைக்கழகத் துறை எதுவும் செய்யவில்லை, கதை எழுதுகிறவர்கள் உட்கார்ந்து செய்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். என்னைப் போன்றவர்கள் கையில் பென்சிலோடு இருக்கிறோம் என்று தெரிந்துதான் செய்தார்களோ என்னவோ. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தபோது நான் அதைத் தினமும் புரட்டுவேன். சொல்லுக்குப் பொருள் மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல் வாக்கியத்தில் வைத்துக் காட்டிய அகராதி. 2008இல் விரிவாக்கிய பதிப்பில் இலங்கைத் தமிழ்ச் சொற்களும் சேர்ந்தன. ஆனால் அகராதியைப் புரட்ட வேண்டும் என்று தோன்றுவதற்குச் சந்தேகம் வர வேண்டும். பொழுதோட எனக்குத் தெரிந்த சொல். எனக்குத் தெரியாத சொல்லில் நான் பிழை செய்ததே இல்லை. தெரிந்த சொல்தான் காலை வாரும்.

அதற்குப் பிறகு ஒரு யாழ்ப்பாணத்துப் பிரதி வந்தது. ‘அப்பா பேசுவார் என்ற பயத்தில் வாசலிலேயே நின்றாள்.’ அப்பா பேசினால் என்ன பயம்? இந்த முறை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுத்தாளருக்கே போன் செய்தேன், கனடாவில் இருக்கிறார். அங்கே பேசுவது என்றால் ஏசுவது. உரையாடுவதற்குக் கதைப்பது இருக்கிறது. அடிக்குறிப்புப் போடலாமா என்று கேட்டேன். “வேண்டாம் தம்பி. ரெண்டாந்தரம் வரேக்க வாசிக்கிறவைக்கு விளங்கும். நீங்கள் ஆறுதலா வாசியுங்கோ” என்றார். ஆறுதலா என்றால் நிதானமாக, அவசரப்படாமல். எனக்கு அந்த நேரத்தில் தமிழ்நாட்டு அர்த்தத்திலும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

எதையும் தொடாமல் விடுவதற்கு நான் அடிக்கடி போய் நிற்கிற இடம் ஒன்று உண்டு. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அவருக்குக் கிடைத்த சுவடிகளில் 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. பின்னால் வருகிற பாட்டுகளை முன்னால் இழுத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டியிருக்கலாம். பல பாட்டுகளில் அடிகள் சிதைந்திருந்தன. தமிழ்ப் புலமைக்கும் யாப்பறிவுக்கும் அவரிடம் பஞ்சமா, சீர் பொருந்தும்படி ஒரு சொல்லைப் போட்டு ஒப்பேற்றியிருந்தால் நமக்கு யாருக்குத் தெரியப்போகிறது? அவர் ஓட்டையை ஓட்டையாகவே விட்டார். 266க்குப் பிறகு 269. நூறு வருஷத்துக்கு மேல் அந்த இரண்டு எண்களும் காலியாக நிற்கின்றன. ‘சொன்னான்’ஐக் ‘கூறினான்’ ஆக்கிக்கொண்டிருக்கும்போது அது ஞாபகம் வந்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மதிப்புரை பற்றிச் சொல்லவில்லை. அதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. தமிழில் மதிப்புரைக்கு ஒரு சொல்லகராதி இருக்கிறது, அரைப்பக்கத்தில் அடங்கிவிடும்: முக்கியமான, தவிர்க்க முடியாத, கவனம் கோரும், நல்வரவு. அணிந்துரை என்றால் இன்னும் மோசம். தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது, அதனால் பாயிரத்தை வேறொருவர் சொல்ல வேண்டும் என்று நன்னூலார் ஏதோ நல்ல எண்ணத்தில் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். எழுநூறு எண்ணூறு வருஷமாக நண்பர்களை அனுப்பிப் புகழ வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த எரிச்சலில் நான் கறாரான மதிப்புரையாளன் என்று பெயர் வாங்குவதில் குறியாக இருந்தேன்.

ஓர் அம்மையாரின் முதல் நாவல். முதல் முந்நூறு பக்கம் அபாரம். மூன்று தலைமுறையை மெதுவாக, அவசரமே இல்லாமல் கட்டி எழுப்பியிருந்தார். கடைசி இருபது பக்கத்தில் ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு வீடு விற்பனை எல்லாம் பந்திக் கடைசியில் சாதம் போடுவதுபோல நடந்து முடிந்தது. பவணந்தியைத் துணைக்குக் கூப்பிட்டு, ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்றே தலைப்புப் போட்டு எழுதினேன். நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னார்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் புத்தகக் காட்சியில், டீ ஸ்டால் வரிசையில் அவரைப் பார்த்தேன். அவரே வந்து பேசினார், சிரித்த முகமாக. “சரியாத்தான் எழுதியிருந்தீங்க. அந்தக் கடைசி அறுபது பக்கத்தை நானும் தேடிட்டுதான் இருக்கேன்.” விஷயம் இதுதான்: பக்கம் கூடினால் விலை கூடும், விலை கூடினால் விற்காது என்று கடைசி நேரத்தில் கணக்குப் போட்டு, மூன்று நான்கு ஃபாரத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பொங்கலுக்குள் புத்தகம் வர வேண்டும், முதல் நாவல் வேறு, அவர் என்ன செய்வார்? யாரோ உட்கார்ந்து வெட்டினார்கள். வெட்டியவரும் என்னைப் போல ஓர் ஆசாமிதான். இதைக் கேட்ட பிறகு அந்த மதிப்புரையில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. புத்தகம் தேய்ந்துதான் இறந்தது. தேய்த்தது யார் என்று நான் கேட்கவே இல்லை. முந்நூறு பக்கம் அவ்வளவு பொறுமையாக எழுதியவர் கடைசியில் ஏன் ஓட வேண்டும் என்று ஒரு வரி சந்தேகப்பட்டிருக்கலாம். செம்மைப்படுத்துகிற வேலையை வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிற எனக்கே அது தோன்றவில்லை.

சரி, செ.தே. இளைஞருக்கு வருகிறேன். போன வாரம் அவருடைய பிரதி திரும்பி வந்தது. மற்றத் திருத்தங்களில் முக்கால்வாசியை ஏற்றுக்கொண்டிருக்கிறார். 210க்கு மேல் நான் செ.தே. போட்டிருந்த நான்கு இடங்களில் எதையும் மாற்றவில்லை. முதல் இடத்தில் மட்டும், என் பென்சில் எழுத்துக்குக் கீழே, நீலப் பேனாவில் பொடியாக எழுதியிருந்தார்: ‘சார், அந்தக் குடும்பம் அப்படித்தான் சார் தேஞ்சு போச்சு. பெருசா ஒண்ணும் நடக்கல.’

நேற்றுக் காலை 200லிருந்து கடைசிவரை மறுபடி வாசித்தேன், ஆறுதலாக. தறியை விற்கிறார்கள். பிறகு தறி இருந்த அறையை வாடகைக்கு விடுகிறார்கள். அத்தியாயங்கள் குட்டையாகிக்கொண்டே வருகின்றன, ஆட்கள் குறைகிறார்கள், முன்னால் பக்கம் பக்கமாகப் பேசியவர்கள் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறார்கள். போன முறை இதைக் கார்த்திகை மாசத்து நெருக்கடியில், இன்னும் மூன்று பிரதிகள் காத்திருக்கும்போது படித்தேன். ரப்பரை எடுத்து மூன்று இடத்தில் செ.தே.யை அழித்தேன். நான்காவது இடத்தில் விட்டுவைத்திருக்கிறேன். அங்கே தேய்ந்தது குடும்பம் அல்ல, அவர்தான் களைத்துப்போயிருக்கிறார் என்று இன்னமும் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை அவரிடம் பேச வேண்டும். யாழ்ப்பாணத்து அர்த்தத்தில் இல்லை.